அழுத்தி விழுந்த முத்திரை

பல் டாக்டரின் மனைவி உட்கார மறுத்தார்.

"உட்காருங்க அக்கா," என்றார் அண்ணி. "நீங்க நடக்கறதைப் பார்த்து எனக்கே மூச்சு வாங்குது."

"உட்கார்ந்தா நெஞ்சை அடைக்குது மேடம். நடந்தா கொஞ்சம் பரவாயில்ல."

ஜன்னலுக்கும் கதவுக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தார். கதவோரம் ஒரு பெரிய நீலப் பெட்டி. திரும்பும்போதெல்லாம் முழங்கால் அதில் இடித்தது. பார்க்கப் பொறுக்காமல் நான் எழுந்து அதை நகர்த்தப் போனேன்.

"அது அங்கேயே இருக்கட்டும் தம்பி. சாயந்தரம் ரயிலுக்கு எடுக்கணும். எடுக்கணுமா வேண்டாமான்னு தெரியாமத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். துப்பறிவது அண்ணி. நான் அண்ணியின் கொழுந்தன். அண்ணி முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். எரியாத கடையை எரிந்தது என்றும், சாகாத மாமனாரைச் செத்தார் என்றும் சொல்லி வந்தவர்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், சொந்தமாக போர்டு மாட்டிவிட்டார். நான் தண்ணீர் ஃபில்டர் விற்றேன், அதாவது விற்க முயன்றேன். வேலை போன மறுநாளே, "வீட்டுல உட்கார்ந்து சோபாவைத் தேய்க்காதே, என் கூட வா," என்றார். வந்தேன். அண்ணன் இன்றுவரை எனக்காக வருத்தப்படுகிறாரா, சோபாவுக்காகச் சந்தோஷப்படுகிறாரா என்று தெரியவில்லை.

டாக்டர் மனைவி மேஜை மேல் நான்கு படக் கார்டுகளை வைத்தார். எல்லாம் பழையவை. கறுப்பு வெள்ளையில் எடுத்துக் கையால் வண்ணம் தீட்டிய காலத்துக் கார்டுகள். ஒரு கலங்கரை விளக்கம், பின்னால் எந்த ஊரிலும் இல்லாத ரோஸ் நிற வானம். ஒரு அருவி, அதன் அடியில் தொப்பி போட்ட குட்டி மனிதன். ஒரு தொங்கு பாலம். மலைக்கு நடுவே ஒரு ஏரி.

"எங்க வீட்டுக்காரரைக் காணோம்னு போலீஸ்ல சொன்னா சிரிக்கறாங்க. காணாம போனவர் கார்டு போடுவாராம்மான்னு கேக்கறாங்க."

திருப்பிப் பார்த்தேன். நான்கிலும் ஒரே வாசகம். 'நான் நலம். தேட வேண்டாம்.' ஒவ்வொன்றிலும் அந்தந்த ஊர் போஸ்ட் ஆபீஸின் முத்திரை.

"கையெழுத்து அவரோடதுதானா?" என்றார் அண்ணி.

"அவரோடதுதான். மருந்துச் சீட்டுல பார்த்துப் பார்த்துப் பழகின கையெழுத்து, எனக்கும் மெடிக்கல் ஷாப்புக்கும் மட்டும்தான் புரியும்." நடந்துகொண்டே சொன்னார். "கல்யாணமான புதுசுல, அருவிக்குப் போலாமான்னு கேட்டேன். அலமாரியில இருந்து ஒரு கார்டை எடுத்துக் காட்டி, 'இதுல பாரு, நனையவும் வேண்டாம்'னார். அப்ப சிரிச்சேன். முப்பது வருஷமா எங்க கூப்பிட்டாலும் ஒரு கார்டு எடுத்துக் காட்டினார். உலகத்துல இருக்கற மலை, கோட்டை, பாலம் எல்லாம் எங்க வீட்டு அலமாரியில இருக்கு. நான் பார்த்ததெல்லாம் அலமாரியைத்தான்."

"அப்புறம்?"

"இந்த வருஷம் கேக்கவே இல்ல. நானே ரெண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துட்டேன். கலங்கரை விளக்கம், அருவி, பாலம், ஏரின்னு வரிசையா எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டினேன். பார்த்தார், ஒண்ணும் பேசல. அடுத்த நாள் காலையில ஆளைக் காணோம். கொஞ்ச நாள் கழிச்சு இந்தக் கார்டு ஒவ்வொண்ணா வருது. அதே ஊர், அதே வரிசை." அவருடைய குரல் உடைந்தது. "நான் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் நான் இல்லாம போறார் மேடம். யாராவது பொம்பளை இருந்தாக்கூட இவ்வளவு வலிக்காது."

எனக்கு வழக்கு என்னவோ ஒன்றுமில்லை என்று தோன்றியது. ஆள் ஓடிவிட்டார், ஊர் சுற்றுகிறார், அவ்வளவுதான்.

"இன்னைக்கு ரயில்ல ஏறினா, ஓடிப்போனவர் பின்னாடி நானும் ஓடற மாதிரி இருக்கும். ஏறலைன்னா இந்த ஜென்மத்துல நான் எங்கயும் போகப் போறதில்ல. அவர் என்னை விட்டுட்டாரா இல்லையா, அது மட்டும் ரயில் கிளம்பறதுக்குள்ள எனக்குத் தெரியணும்."

அண்ணி வாசல் தபால் பெட்டியில் கிடந்த அன்றைய தபாலைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு கல்யாணப் பத்திரிகை, பேங்க் கவர் ஒன்று, பல் மருத்துவர் சங்கத்தின் மாத இதழ்.

"தம்பி, இதுல விழுந்திருக்கற போஸ்ட் ஆபீஸ் சீலைப் படி."

முயன்றேன். பத்திரிகை மேல் இருந்தது கன்றிப்போன காயம் மாதிரி இருந்தது. பேங்க் கவரில் பாதி முத்திரை ஓரத்துக்கு வெளியே போய்விட்டது. மாத இதழில் மை இருந்தது, எழுத்து இல்லை.

"ஒண்ணும் தெரியல அண்ணி."

"இப்ப கார்டுல படி."

கலங்கரை விளக்கம், அருவி, ஏரி மூன்றிலும் ஊர்ப் பெயரும் தேதியும் கண்ணாடி போலத் தெரிந்தன. ஸ்டாம்பின் மூலையில் அளவெடுத்து வைத்த வட்டம். தொங்கு பாலத்தில் மட்டும் முத்திரை கோணலாக, மை ஊறி, அழுத்தி விழுந்திருந்தது.

"நாலுல ஒண்ணு நம்ம ஊர் மாதிரி இருக்கு," என்றேன். "மத்த மூணு ஊர்லயும் அன்னைக்குச் சம்பளம் ஏறியிருக்கும். சந்தோஷத்துல பொறுமையாக் குத்தியிருக்காங்க."

"மூணு ஊர்லயும் ஒரே சமயத்துல ஏறாது." அண்ணி டாக்டர் மனைவியிடம் திரும்பினார். "அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு இந்த சீல்லாம் பிடிக்குமா?"

"பிடிக்கவா? அவர் வீட்டுல பேனா பக்கத்துல வந்தாலே கத்துவார். எழுதாத கார்டுதான் கார்டு, எழுதினதும் சீல் விழுந்ததும் குப்பைன்னு சொல்வார். இதெல்லாம் அவர் ஆல்பத்துல இருந்து போனது. இருக்கறதுலயே நல்லதாப் பார்த்து எடுத்துட்டுப் போய் அது மேல எழுதியிருக்கார். அதுதான் எனக்குப் புரியவே இல்ல."

"எழுதியிருக்கார்," என்றார் அண்ணி மெதுவாக. "இல்ல, யாராவது எழுத வெச்சிருக்காங்க."

டாக்டர் மனைவி நின்றுவிட்டார். நாங்கள் வந்ததிலிருந்து முதல்முறையாக அந்த ஹாலில் அசைவு இல்லை.

அண்ணி போனை எடுத்தார். கலங்கரை விளக்கம் இருக்கும் ஊரின் போஸ்ட் ஆபீஸ் எண்ணைக் கண்டுபிடித்து, ஸ்பீக்கரில் போட்டார். நெடுநேரம் மணி அடித்தது. எடுத்தவர் போஸ்ட் மாஸ்டர், சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது சத்தத்திலேயே தெரிந்தது.

"ஐயா, உங்க ஊர் சீல் ஒண்ணு ரொம்ப அழகா விழுந்திருக்கு. அதைப் பாராட்டலாம்னு கூப்பிட்டேன்."

எதிர்முனையில் மெல்லுவது நின்றது. "பாராட்டா? இந்த ஆபீஸுக்கா?"

"கலங்கரை விளக்கம் படம் போட்ட பழைய கார்டு. ஞாபகம் இருக்கா?"

"ஓ, கவர் பார்ட்டியா? நீங்களும் அந்தக் கூட்டம்தானா?" அவர் குரலில் இருந்த மரியாதை பாதியாகக் குறைந்தது. "கார்டைக் கவர்ல போட்டு அனுப்புவாங்க. கூட ஒரு சீட்டு. 'தயவுசெய்து நடுவில், மெதுவாக, மை குறைவாக முத்திரை இட்டு, இதே கார்டைத் தபாலில் சேர்க்கவும்.' இங்க வரிசையில ஜனம் நிக்குது, நான் இவங்களுக்கு மை அளந்து குத்தணும். ஆனா அந்த ஆள் ரொம்பப் பணிவா எழுதுவார், பாவம்னு பண்ணிக் குடுத்துடுவேன்."

"அந்த ஆள்னா, அடிக்கடி அனுப்பறவரா?"

"வருஷக்கணக்கா அனுப்பறார். பேரைக் கேக்காதீங்க, போன்ல சொல்லக் கூடாது."

"பேர் வேண்டாம். கவர் எந்த ஊர்ல இருந்து வந்தது?"

அவர் சொன்னார். நாங்கள் உட்கார்ந்திருந்த ஊர்.

போனை வைத்ததும் டாக்டர் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டார். "அப்ப அவர் எங்கயும் போகலையா?"

"கார்டு போயிருக்கு. அவர் போகல." அண்ணி எழுந்தார். "இப்படி சீல் வாங்கறது உங்க வீட்டுக்காரர் பழக்கமும் இல்ல. வருஷக்கணக்கா வாங்கற வேற ஒருத்தர் இதுக்குப் பின்னாடி இருக்கார். கார்டு சேர்க்கறவங்க எங்கயாவது ஒண்ணு கூடுவாங்களா?"

"தையல் கடை மாடியில. இன்னைக்கு மத்தியானம்கூட இருக்கு. அவர் தவறாம போவார், நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல."

"நீங்க இங்கேயே இருங்க. தெரிஞ்சதும் போன் பண்றேன்."

அவரை வீட்டில் இருக்கச் சொன்னது எவ்வளவு வீணான பேச்சு என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

தையல் கடை மாடி ஹாலில் கால் வைத்ததும் தரை அதிர்ந்தது. கீழே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மேலே இரண்டு நீள மேஜைகள், நடுவே ஒரு லாரி போகிற அளவுக்கு இடைவெளி. இந்தப் பக்கம் இருப்பவர்கள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வாசலில் இருந்த தாடிக்காரர் எனக்கு விளக்கினார். இடது மேஜை, எழுதாத கார்டுக்காரர்கள். வலது மேஜை, தபாலில் போய் முத்திரை வாங்கிய கார்டுக்காரர்கள். அவர் வலது.

"அவங்களுக்குக் கார்டுன்னா வெறும் படம்," என்றார் தாடி, இடது பக்கம் முகத்தைச் சுளித்து. "பயணமே போகாத கார்டு என்ன கார்டு? பிறந்து தொட்டில்லயே கிடக்கற மாதிரி."

நான் மனதுக்குள் இடதுக்கு வெள்ளைக் கட்சி என்றும் வலதுக்கு சீல் கட்சி என்றும் பெயர் வைத்துக்கொண்டேன். இவர்கள் தேர்தலில் நின்றால் இரண்டு பேரும் டெபாசிட் இழப்பார்கள், ஆனால் பிரசாரம் பிரமாதமாக இருக்கும்.

அண்ணி நேராக வெள்ளைக் கட்சியிடம் போனார். துணிக் கையுறை போட்ட ஒரு ரிடையர்டு டீச்சர் தலைமை. "ஒரு வீட்டைக் காலி பண்ணும்போது கிடைச்சது. பார்த்துச் சொல்றீங்களா?" என்று நான்கு கார்டுகளையும் படப்பக்கம் மேலே தெரிய வைத்தார்.

டீச்சரின் கண் விரிந்தது. "இந்த அருவி ரொம்ப அபூர்வம். எங்க பல் டாக்டர்கிட்ட ஒண்ணு இருக்கு, மூலைகூட மழுங்காதது." கையுறை விரலால் திருப்பினார். முகம் மாறியது. "யாரோ பேனாவால கொலை பண்ணியிருக்காங்க," என்று கார்டை இரண்டு விரலால் தள்ளிவிட்டார். அதற்குமேல் பேச விருப்பமில்லை.

அண்ணி வலது மேஜைக்கு நகர்ந்தார். அங்கே யாரும் படத்தைப் பார்க்கவில்லை. வந்த வேகத்தில் கார்டுகள் குப்புறக் கவிழ்ந்தன. தாடி தேதியைப் பார்த்து, "புது சீல்," என்று உதட்டைப் பிதுக்கினார். அவருக்குப் பக்கத்தில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கழுத்தில் தொங்கிய லென்ஸை எடுத்தார். குண்டான, சாதுவான மனிதர். கலங்கரை விளக்கத்தின் முத்திரையைப் பார்த்ததும் அவருடைய உதடு மெல்ல விரிந்தது. அருவிக்கு ஒரு தலையசைப்பு. ஏரிக்கு, பிள்ளை முதல் மார்க் வாங்கியதைப் பார்த்த அப்பா முகம். பிறகு தொங்கு பாலத்தை எடுத்தார்.

"சே. நடுவுல, மெதுவான்னு எழுதியிருந்தும் எப்படிக் குத்தி வெச்சிருக்கான் பாருங்க. கை கனம். பாலத்து ஆபீஸே இப்படித்தான்."

"அப்படியா," என்று அண்ணி கார்டுகளை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

கடைக்காரரின் லென்ஸ் நடுவழியில் நின்றது. "இது எந்த வீட்டுல கிடைச்சதுன்னு சொன்னீங்க?"

"சொல்லலையே."

அவர் நாற்காலியில் நெளிந்தார், கடிகாரம் பார்த்தார், கடையில் வேலை என்று முணுமுணுத்துவிட்டுப் படியிறங்கினார். அவர் அவசரத்தில் தன் ஆல்பத்தையே விட்டுவிட்டுப் போனதைத் தாடி ஆச்சரியமாகப் பார்த்தார். "தனிக்கட்டை மனுஷன், அப்படி என்ன அவசரம்?" என்றார்.

"அண்ணி, அவர் ஏன் ஓடறார்?"

"கார்டோட ஒரு சீட்டு போச்சுன்னு போஸ்ட் மாஸ்டர் சொல்லித்தான் நமக்கே தெரியும். கார்டுல அது இல்ல. அப்ப 'மெதுவான்னு எழுதியிருந்தும்'னு அவருக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "எழுதினவர் அவரேதான்."

"ஆளை மறைச்சுட்டார். சீல் கெட்டுப்போன வயித்தெரிச்சலை மறைக்க முடியல. வா, வேகமா."

தெருவில் கடைக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தார். நாங்கள் விளம்பரப் பலகைகளைப் படிப்பவர்கள் போலப் பின்னால் போனோம். அவர் ஒரு சாப்பாட்டுக் கடையில் நின்றார். வெளியே வந்தபோது கையில் இரண்டு பொட்டலங்கள்.

"தனிக்கட்டைன்னு தாடி சொன்னாரே," என்றேன். "ஒரு வயித்துக்கு ரெண்டு பொட்டலமா?"

"உனக்கு ரெண்டு போதாது. அதை வெச்சு எல்லாரையும் எடை போடாதே. ஆனா கணக்கு சரி." அண்ணியின் நடை வேகமானது. இன்ஷூரன்ஸ் காலத்தில் இந்த நடையைப் பார்த்துத்தான் பொய்க் கிளெய்ம்காரர்கள் பின்வாசல் வழியாகப் போனார்களாம்.

கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தோம். சுவரில் பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்து வரை இறங்கும் பலகை. கடைக்காரர் உள்படிக்கட்டில் கால் வைத்திருந்தார்.

"கடை மூடியாச்சு. கண் டெஸ்ட் நாளைக்கு வாங்க."

"கண்ணு எங்களுக்கு நல்லாவே தெரியுது," என்றார் அண்ணி. "பல்லு காட்டணும். டாக்டர் மேல இருக்காரா?"

பொட்டலம் ஒன்று கீழே விழுந்தது. அவர் குனியவில்லை. நான் ஒரே தாவலில் அவரைத் தாண்டி மேலே ஓடினேன். ஒரு சின்ன நடைவழி, கடைசியில் மூடிய கதவு. சட்டைக் கையை மடித்துக்கொண்டேன். ஃபில்டர் விற்ற காலத்தில் என் முகத்தில் அறைந்த கதவுகள் எத்தனையோ. ஒன்றையாவது திருப்பி அறைய வேண்டும் என்ற ஆசை எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

"டாக்டர், பயப்படாதீங்க. உங்களைக் காப்பாத்த வந்திருக்கோம்."

உள்ளே ஏதோ நாற்காலி நகரும் ஓசை. பிறகு ஒரு குரல், மெல்ல, கெஞ்சலாக வந்தது. "யாரும் காப்பாத்த வேண்டாம். தயவுசெஞ்சு போயிடுங்க."

நான் தோளைச் சாய்த்தேன். அண்ணி என் காலரைப் பிடித்து நிறுத்தினார்.

"கதவைப் பார்த்தியா?"

பார்த்தேன். வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. பூட்டு மாட்ட வளையம்கூட இல்லை.

"கைதியே உள்ள தாழ் போட்டுக்கற ஜெயிலை நீ எங்கயாவது பார்த்திருக்கியா தம்பி?"

மூச்சிரைக்க மேலே வந்த கடைக்காரர் சுவரில் சாய்ந்தார். "நான் எவ்வளவோ சொன்னேன் அம்மா. வீட்டுக்குப் போயிடுன்னு தினமும் சொன்னேன். கேக்கல. கார்டை அனுப்பிக் குடுன்னு அழுதான். சிநேகிதன் அழுதா என்ன பண்றது? அனுப்பறதுதான் அனுப்பறோம், சீலாவது ஒழுங்கா விழட்டுமேன்னு சீட்டு வெச்சேன்."

"அதுலதான் மாட்டினீங்க," என்றேன்.

கீழே படியில் ஏதோ கனமாக இடித்து இடித்து ஏறி வந்தது. நீலப் பெட்டி. அதை இழுத்துக்கொண்டு டாக்டர் மனைவி.

"வீட்டுல உட்கார முடியல. தையல் கடையில இருந்து உங்க பின்னாடியேதான் வரேன்," என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்தார். "திறங்க."

தாழ் உடனே விலகியது.

நான் எதிர்பார்த்தது கட்டிப்போட்ட ஒரு மனிதரை. அங்கே நின்றவர் ஒல்லியான, வழுக்கை விழுந்த, நண்பரின் தொளதொளச் சட்டைக்குள் தொலைந்துபோன ஒரு மனிதர். பின்னால் மேஜை மேல் ஆல்பம், ஒரு பேனா. மனைவியைப் பார்த்ததும் தலை குனிந்தது, நிமிரவே இல்லை.

"எந்தப் பொம்பளை?" என்றார் மனைவி.

"ஐயோ, அதெல்லாம் இல்ல."

"அப்ப நான் என்ன தப்பு பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல." அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வார்த்தைகளைப் பல் பிடுங்குவதுபோல ஒவ்வொன்றாகத்தான் எடுக்க முடிந்தது. "எனக்குப் பயம். ஊர் எல்லையைத் தாண்டினா மூச்சு நின்னுடும்னு தோணும். ரயில், பஸ், எதுல ஏறினாலும். சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். யார்கிட்டயும் சொன்னதில்ல."

"நம்ம கல்யாணத்துக்கு எங்க ஊருக்கு வந்தீங்களே?"

"மாத்திரை போட்டுத் தூங்கிட்டே வந்தேன்."

டாக்டர் மனைவி பெட்டியின் கைப்பிடியை விட்டார். "மாப்பிள்ளை மேடையிலயே தூங்கறார்னு எங்க அத்தைங்க எல்லாம் கேலி பண்ணாங்க. நான் உங்களுக்காக எல்லார்கிட்டயும் சண்டை போட்டேன்."

"தெரியும். பாதி கேட்டுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி என் காலை மிதித்தார்.

"டிக்கெட்டைப் பார்த்ததும் கை கால் ஓடல," என்றார் டாக்டர். "கார்டு வந்தா உயிரோட இருக்கேன்னு உனக்குத் தெரியும், இல்லையா? இன்னைக்கு ரயில் போயிட்டா, நாளைக்கு வீட்டுக்கு வந்து, ஊர் சுத்தற ஆசை தீர்ந்துடுச்சு, மன்னிச்சிடுன்னு சொல்லலாம்னு இருந்தேன். ஓடிப்போன புருஷன்னா திட்டுவே. திட்டிட்டு விட்டுடுவே. பயந்தாங்கொள்ளின்னு தெரிஞ்சா பாவம்னு பார்ப்பே. நீ அப்படிப் பார்க்கறதை என்னால தாங்க முடியாது. அந்தக் கார்டுல பேனா வைக்கும்போது உயிரே போச்சு. உனக்குப் பண்ற பாவத்துக்கு அது தண்டனையா இருக்கட்டும்னு நல்லதாப் பார்த்து எழுதினேன்."

முப்பது வருடம் ஒரே கூரைக்கடியில் இருந்துவிட்டு, அயோக்கியன் என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை, கோழை என்று வாங்கக் கூடாது என்று நினைக்கிற மனிதரை என்ன செய்வது? எனக்குக் கோபமாகவும் இருந்தது, அந்த வழுக்கைத் தலையைத் தடவிக்கொடுக்க வேண்டும் போலவும் இருந்தது.

"சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேன்னு நினைச்சீங்க," என்றார் மனைவி.

"ஆமா."

"சிரிச்சிருப்பேன்தான். சிரிச்சு முடிச்சுட்டு, உங்க கையைப் பிடிச்சிருப்பேன். அதைச் செய்ய விடாம முப்பது வருஷத்தைத் தின்னுட்டீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்குத் தெரிய வேண்டியது தெரிஞ்சுடுச்சு. நான் கிளம்பறேன்."

பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தார். அதற்கு முன்பே டாக்டரின் கை அதன் மேல் இருந்தது.

"ஸ்டேஷன் வரைக்கும் நான் தூக்கறேன். ஸ்டேஷன் ஊருக்குள்ளதானே."

ஐந்து பேரும் நடந்தே போனோம். பெட்டியை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. பிளாட்பாரத்தில் ரயில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. அதைக் கண்டதும் அவருடைய நெற்றியில் வியர்வை அரும்பியது. பெட்டியைப் படிக்கு மேலே தள்ளிவிட்டு, சட்டென்று பின்னால் நகர்ந்து நின்றார். மனைவி ஏறி, கதவருகே நின்று, கைப்பையிலிருந்து இரண்டு டிக்கெட்டையும் எடுத்தார்.

"எனக்குக் கோபம் போகல. அது போக நிறைய நாளாகும்," என்றார். "ஆனா அடுத்த ஸ்டேஷன் ரொம்பப் பக்கம். அது வரைக்கும் வாங்க. முடியலைன்னா இறங்கிக்கலாம். இறங்கினா நான் திட்ட மாட்டேன்."

டாக்டர் காலைப் பிளாட்பாரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச நேரம்தான். வலிக்காது," என்றார் மனைவி.

"இதை நான் தினமும் எல்லார்கிட்டயும் சொல்றேன். பொய். வலிக்கும்."

"வலிச்சா கையைத் தூக்குங்க. நிறுத்திடலாம். அதுவும் நீங்க சொல்றதுதானே."

விசில் ஊதியது. கடைக்காரர் நண்பரின் முதுகில் கை வைத்தார், தள்ளவில்லை. டாக்டர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஒரு காலை எடுத்துப் படியில் வைத்தார். பிறகு இன்னொன்று. மனைவி அவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

ரயில் நகர்ந்தது. ஜன்னலோரத்தில் இரண்டு பேரும் உட்காருவது தெரிந்தது. நான் கூடவே நடந்தேன், பிறகு ஓடினேன். அவருடைய கை எந்த நிமிடமும் மேலே வரும், சங்கிலியைப் பிடித்து இழுக்கச் சொல்லிக் கத்த வேண்டும் என்று அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு ஓடினேன். பிளாட்பாரம் முடிந்துவிட்டது. கடைசிப் பெட்டியும் வளைவில் திரும்பியது.

அண்ணி பின்னால் வந்து நின்றார். "தூக்கினாரா?"

"இல்ல அண்ணி."

"நல்லாப் பார்த்தியா?"

"பார்த்தேன். தூக்கியிருக்க முடியாது. ரெண்டு கையையும் அந்தம்மா பிடிச்சுட்டு இருந்தாங்க."